சுவரெல்லாம் அவர் முகம்

அந்த மாடிப்படி ஏறி முதல் முறை உள்ளே போன நாளில், இந்தப் பொம்பளைக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பின்வரிசையில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது அவருடைய ஸ்டூடியோ. கதவைத் திறந்தால் எதிரே ஒரு முழுச் சுவர். சுவர் நிறையப் படங்கள், நூறுக்குக் குறையாது. எல்லாப் படத்திலும் ஒரே ஆள், அவர்தான். அதுவும் என்ன படங்கள்! ஒன்றில் நெற்றியைக் காணோம். இன்னொன்றில் மூக்கும் ஒரு கண்ணும் மட்டும். பாதிக்கு மேல் கலங்கல், மீதி கோணல். படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் தன் முகத்தை இத்தனை தடவை, இத்தனை கேவலமாக எடுத்து, சட்டம் வேறு போட்டு மாட்டியிருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எல்லாம் கஸ்டமருங்க எடுத்ததுலா," என்றார். அன்றைக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

நான் கிள்ளான்காரி. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் பிழைப்பு. அந்த ஸ்டூடியோவின் முன் அறை சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, என் கண்ணாடியையும் பெட்டியையும் கொண்டுபோய் அங்கே வைத்தேன். என் கல்யாணப் பெண்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டியது. அவரிடம் படம் எடுக்க வருகிறவர்களுக்கும் நானே மேக்கப் போட வேண்டியது. இதுதான் எங்கள் பேச்சு. அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். ஆம்பளைகள் போடுகிற கட்டம் போட்ட சட்டை, நாலு பக்கமும் பை வைத்த சிலுவார் கால்சட்டை, ஜப்பான் சிலிப்பர். பக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்க் நிறைய கோப்பி ஓ கோசோங், அதாவது சீனியும் பாலும் இல்லாத வெறும் கறுப்புக் காப்பி. பெயரை இங்கே எழுதினால் போனில் கூப்பிட்டு ஏசுவார். ஊருக்கே அவர் அக்கா, எனக்கும் அக்கா. அப்படியே இருக்கட்டும்.

அவர் எடுக்கும் படங்களுக்கு ஆங்கிலத்தில் பூடுவார் என்று பெயர். படுக்கையறைபோல ஜோடித்த ஓர் அறையில், பெண்கள் குறைந்த உடையில், தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் படம். "அந்தப் பேரு எனக்கே வாயில நொழைய மாட்டேங்குது. வர்றவளுக்கு எப்படி நொழையும்? ரூம் படம்னே சொல்லு," என்பார். வாசல் பலகையில் 'படம் எடுக்கப்படும்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். கீழே சாப்பாட்டுக் கடை முதலாளி, மேலே பாஸ்போர்ட் படம் எடுக்கிறார்கள் என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். அக்காவும் அவரைத் திருத்தவில்லை. அதற்கு முன் கிள்ளானில் இருபது வருஷம் அக்கா பாஸ்போர்ட் படம்தான் எடுத்தவர்.

"சிரிக்காதீங்க, பொட்ட எடுங்க, காத காட்டுங்க. இருவது வருசமா இதையே சொல்லிச் சொல்லி பாவத்த சேத்துட்டேன். இப்ப ஒவ்வொருத்தியா சிரிக்க வுட்டு கழுவுறேன்," என்பார்.

அவர் பாவம் கழுவுகிற இடத்தில் முக்கால்வாசிச் சாமான் கறுப்பு வேட்டி. மற்ற ஸ்டூடியோக்களில் விளக்குகள் குவிந்திருக்கும். இவரிடம் விளக்கு இரண்டு, மூன்றுதான். வேட்டி மட்டும் இருபது இருக்கும். சபரிமலை சீசன் முடிந்ததும் கிள்ளான் கடைகளில் மலிவாகப் போடும்போது கட்டுக்கட்டாக வாங்கிவிடுவார். ஜன்னலில் ஒன்று, சுவரில் ஒன்று, நாற்காலி மேல் ஒன்று. வேண்டாத இடத்தில் வெளிச்சம் பட்டால் உடனே அங்கே ஒரு வேட்டியைத் தொங்கவிடுவார். சாமி வேட்டியை இந்த வேலைக்கா என்று கேட்டேன்.

"மாலையே போடாத வேட்டிடி. கடையில மடிப்பு கலையாம இருந்தது. சாமிக்குத் தெரியும், நீ ஒன் வேலையப் பாரு."

அவரிடம் படம் எடுக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே போன் போகும். "காலையிலேருந்து தொளதொளன்னு போட்டுக்க. எலாஸ்டிக், நாடா ஒண்ணும் இறுக்கக் கூடாது. தடம் வுழுந்தா மறைய ரெண்டு மூணு மணி நேரம் ஆவும்." பெண்கள் கைலியிலும் கப்தானிலும் வந்து இறங்குவார்கள். ஆனால் சேலை கட்டிப் பழகியவர்களின் இடுப்பில் ஒரு கறுப்புத் தழும்பு உண்டே, வருஷக் கணக்கில் பாவாடை நாடா பதிந்தது, அது எந்தப் போனுக்கும் மறையாது. அதை மறைக்கச் சொல்லிப் பெண்கள் என்னிடம் கெஞ்சுவார்கள். அக்கா விட மாட்டார். ஏர்கானையும் போட விட மாட்டார். குளிரில் தோல் புல்லரித்துவிடுமாம். கோலாலம்பூர் வெயிலில் என் மேக்கப் வழிந்து ஓடும். இதற்காகவே நாங்கள் வாரத்துக்கு இரண்டு சண்டை போட்டிருப்போம்.

இதெல்லாம் போகட்டும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

வருகிற பெண் கைப்பையைக் கீழே வைத்தாளோ இல்லையோ, அக்கா ஒரு சின்னக் கைவிளக்கை அவள் கையில் திணித்துவிடுவார். தான் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

"எனக்கு லைட் புடி. மேல தூக்கு. பாத்தியா, கண்ணு ரெண்டும் குழியாயிருச்சு, பேயி. இப்ப கீழ எறக்கு. இதுவும் பேயி, இது வேற பேயி. நேரா மூஞ்சியில அடிக்காதம்மா, ரோட் பிளாக் போலீசு மாதிரி. அப்படியே பக்கத்துக்கு வா. வெரல வெச்சு கொஞ்சம் மறை. ம்... இப்ப எப்படி இருக்கேன்?"

வந்தவள் சிரித்துவிடுவாள். சிரிக்காமல் இருக்க முடியாது. பேய்க்கும் அந்த முகத்துக்கும் நடுவே இரண்டடி தூரம்தான் என்று அவளே கண்ணால் பார்த்துவிட்டாள் அல்லவா! உடனே கேமராவும் அவள் கைக்குப் போகும். "அமுக்கு." கை நடுங்க அவள் எடுக்கிற அந்த ஒரு படம்தான் சுவருக்குப் போகும். அதன் பிறகே அவள் ஸ்டூலுக்கு வருவாள். அப்படி வருகிறவள் தோளைக் குறுக்கிக்கொண்டு வருவதில்லை. இதை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அக்கா யாரையும் பார்த்து அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வாய் நிறையப் புகழ்வது என் தொழிலில் பாதி. அதனால் எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நான் சொன்னா அவ நம்பிருவாளா? அவ புருசன் சொல்லியே நம்பல. லைட்ட அவ கையில குடுத்தா அவளே பாத்துக்குவா. புடிக்கிறவளுக்குத்தான் தெரியும்," என்றார்.

இந்த இடத்தில் என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயதில், கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கிரீம் வாங்கினேன். சின்ன டப்பா, மேலே பேரும் கிடையாது ஊரும் கிடையாது. பூசினால் வெளுப்பாய் என்றார்கள். வெளுத்தேன். கல்யாணத்தன்று எல்லோரும் என் முகத்தைத்தான் பேசினார்கள். ஒரு வருஷத்துக்குள் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு விழுந்தது, கரியைத் தேய்த்த மாதிரி. குறைக்கலாம், போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினேழு வருஷம் மூடினேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவர் கண் விழிப்பதற்குள் குளியலறையில் எல்லாம் பூசி முடித்துவிடுவேன். அதிகாலை ஷிஃப்ட் வரும் வாரங்களில் நான் எழுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார். அறை இருட்டாக இருக்கும், இருட்டில் என்ன தெரியப் போகிறது என்று இருந்துவிடுவேன். அவர் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி. முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தில் ஊரே புலம்பியது. நான் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த அறையில் மற்றப் பெண்கள் சட்டையைக் கழற்றப் பயந்தார்கள். அந்தப் பயம் எனக்குப் புரியவே இல்லை. எனக்குப் பயமெல்லாம் ஒரு துண்டு ஈரப் பஞ்சைப் பார்த்துத்தான்.

நான் சேர்ந்த முதல் மாதத்தில் கேரித் தீவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகத்தில் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது. பஸ் பிடித்து, கிள்ளானில் ரயில் ஏறி, கைலிக்கு மேலே தொளதொளவென்று மகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல கறுப்பு. விளக்கு பிடித்து, அக்காவைப் படம் எடுத்து, சிரித்து முடித்துவிட்டு என் நாற்காலிக்கு வந்தார். நானும் என் வழக்கப்படி செய்தேன். அதாவது, முகத்தையும் கழுத்தையும் இரண்டு ஷேட் வெளுப்பாக ஏற்றினேன். எங்கள் கல்யாணத் தொழிலில் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு முகமும் கழுத்தும் இருந்தால் போதும், மற்ற இடமெல்லாம் பட்டும் நகையும் பூவும் மூடிவிடும். இங்கே மூட எதுவும் இல்லை என்பது என் புத்திக்கு உறைக்கவே இல்லை.

அந்த அம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். அக்கா கேமராவில் கண்ணை வைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு கேமராவை இறக்கிவிட்டு விளக்கை என் கையில் கொடுத்தார்.

"நீ புடி. புடிச்சுப் பாரு."

பார்த்தேன். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி. கீழே இருந்த தோள் கறுகறுவென்று அத்தனை மினுமினுப்பாக இருந்தது. மேலே இருந்தது சாம்பல் பூசிய முகம். கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் பதினைந்து வருஷமாக என் கண்ணுக்குத் தெரியாதது அப்போது தெரிந்தது.

"என்னாச்சுக்கா?" என்றார் அந்த அம்மாள். அக்கா எதையும் மழுப்பாமல் கேமராவின் பின்பக்கத்தை அவரிடம் திருப்பிக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் கல்யாணப் படமும் இதே மாதிரிதாங்க்கா. மூஞ்சி யாரோ, கை மட்டும் நானு. என் மவன் சின்னதுல கேப்பான், அப்பா பக்கத்துல யாரும்மா நிக்கிறாங்கன்னு. பரவாலக்கா. இந்தத் தடவையாச்சும் நான் வருவேன்னு நெனச்சேன், அதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பரவால என்றாரே, அதுதான் என்னைக் கொன்றது.

"கழுவி வுடு," என்றார் அக்கா என்னிடம்.

நான் கழுவிவிட்டேன். பஞ்சு பஞ்சாக என் கைவேலை கழன்று வந்தது. எதிர்க் கண்ணாடியில் அவர் முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. பக்கத்திலேயே பூச்சு கலையாமல் என் முகம். எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. முடித்ததும் தோள்பட்டையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார் அக்கா. ஜன்னலை வேட்டியால் மூடி, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் திறந்து வைத்தார். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து அந்தக் கன்னத்திலும் தோளிலும் ஓரமாக ஓடியது. "கறுப்புக்கு லைட்ட கொட்டக் கூடாதுடி. ஓட வுடணும்," என்றார், என்னைப் பார்க்காமலேயே.

படத்தைக் காட்டியபோது அந்த அம்மாள் அழவில்லை. "ஏ! இது நானு," என்றார். "இது நானுக்கா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா படங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதை அந்த அம்மாளின் கைப்பைக்குள் போட்டார். கம்ப்யூட்டர் மவுஸை அவர் கையில் கொடுத்தார். "இப்ப இங்கேருந்து அழிச்சிரு. நீயே அமுக்கு." அந்த அம்மாள் அமுக்கினார். நான் அதுவரை பார்த்ததிலேயே நல்ல படம், கண்ணெதிரே காணாமல் போனது. எல்லாப் பெண்களுக்கும் அவர் அப்படித்தான் செய்தார். கொடுத்ததெல்லாம் கொடுத்தது, ஒன்றுகூட அவரிடம் தங்காது. அவரிடம் மிஞ்சியதெல்லாம் அவர்கள் எடுத்த அவருடைய முகம்தான். அந்தச் சுவரைப் பார்த்து நான் சிரித்தது தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று யாரிடமும் பேசாமல் ரயிலேறி வீட்டுக்குப் போனேன். ஓரிரு நாள் வேலைக்கே போகவில்லை. போனால், ஒன் மூஞ்சியையும் கழுவேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆனால் அவர் போனில் கூப்பிட்டு, வரும்போது கிள்ளானிலிருந்து முறுக்கு வாங்கி வரச் சொன்னார். அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் வருகிறவளிடம் முதலில், "யாருக்குப் படம்?" என்று கேட்பாராம். "அவருதான் கேட்டாரு" என்று பதில் வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாராம். ஒரு தடவை செமினியிலிருந்து வந்த ஒரு பெண் அப்படிச் சொல்ல, அவளையும் அனுப்பிவிட்டார். படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாளாம். தனக்குத்தான் வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, புருஷன் பேரைச் சொல்லி மறைத்திருக்கிறாள் என்பது அக்காவுக்கு அப்புறம்தான் உறைத்தது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. "வாயால கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்," என்று தன்னையே திட்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கேள்விக்கு முன்னால் விளக்கைக் கொடுக்கும் வழக்கமே வந்தது. அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. விளக்கைக் கையில் கொடுத்த பிறகு கேட்பார்.

ஒரு தடவை ஒருவன் வந்தான். மணக்க மணக்க செண்ட். கல்யாணம் கட்டப் போகும் பெண் இங்கே படம் எடுத்தாளாமே, அதைத் தான் பார்க்க வேண்டும் என்றான். குரல் உயர்ந்தது. அக்கா காப்பியைக் குடித்துக்கொண்டே கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "பாரு தம்பி, எல்லாத்தையும் தொறந்து பாரு." அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். திறந்த இடத்திலெல்லாம் அக்காவின் மூக்கு, அக்காவின் காது, அக்காவின் பாதி நெற்றி.

"என்னா இது, ஒங்க மூஞ்சியாவே இருக்கு?"

"என் கடைலா. வேற யாரு மூஞ்சி இருக்கும்?"

அவன் போன பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடை முதலாளி மேலே எட்டிப் பார்த்தார்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. கல்யாணப் பெண்களுக்கும் நான் ஷேட் ஏற்றுவதைக் குறைத்துக்கொண்டேன். சில மாமியார்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் என் முகத்தில் மட்டும் எதையும் குறைக்கவில்லை. அக்காவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் மத்தியானம் சரியான மழை. வர வேண்டிய பெண் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாள், வரவில்லை. கட்டில், வேட்டி, ஜன்னல் எல்லாம் தயார். அக்கா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது.

"அக்கா, என்னைய ஒண்ணு எடுக்கிறீங்களா?"

அவர் நிமிரவில்லை. கைவிளக்கை மட்டும் என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"யாருக்கு?"

"எனக்கு."

எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆயிரம் பேருக்குச் சொன்னதை எனக்கும் ஒன்று விடாமல் சொன்னார். மேல தூக்கு, பேயி, கீழ எறக்கு, வேற பேயி. தினமும் பக்கத்தில் இருந்து கேட்ட வசனம்தான், ஆனாலும் சிரித்துவிட்டேன். மூன்று வருஷமாகப் பார்த்த முகத்தில் மூக்கோரம் ஓர் அம்மைத் தழும்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. புருவத்துக்கு நடுவே, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து விழுந்த கோடு. முகங்களை வைத்தே பிழைக்கிறவள், இந்த முகத்தை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. அமுக்கினேன். என் கை நடுங்கியதில் அவருக்குத் தாடை இரண்டு.

பிறகு நான் குளியலறைக்குப் போனேன். கைலியைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகவில்லை. முகம் கழுவத்தான் வெகு நேரம் ஆனது. குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். அக்கா கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. மழை குறைந்து, கீழே தட்டு கழுவுகிற சத்தம்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் வெளியே வந்தேன். தோளும் காலும் தெரிய நடந்து வந்தது எனக்கு ஒன்றுமே இல்லை. கன்னத்தைத்தான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தேன்.

"கைய எடு," என்றார். எடுத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமாக்கா?"

"மொத நாளே தெரியும். நீ காதுக்குப் பின்னால பூச மாட்ட. காது ஒரு கலரு, கன்னம் ஒரு கலரு. பாஸ்போர்ட் படம் எடுத்தவ நானு, காததான் மொதல்ல பாப்பேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேலா."

எனக்கு அழுகை வந்தது. அவர் ஒரு வேட்டியை நகர்த்தி, ஜன்னலை இன்னும் நாலு விரல் திறந்தார். மங்கு விழுந்த கன்னத்தைத்தான் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். மறைக்கவில்லை. ஒரே ஒரு படம்தான் எடுத்தார். அதில் நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, குறுக்குக்கட்டோடு, அழுது முடித்த கண்ணோடு, கன்னத்தில் கரி படர்ந்தாற்போல இருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. உண்மையிலேயே பிடித்திருந்தது.

பென்டிரைவைக் கைப்பையில் போட்டுவிட்டு மவுஸை என் கையில் கொடுத்தார். "அழிச்சிரு."

நான் கையை எடுத்துவிட்டேன். "வேணாங்க்கா. சுவத்துல மாட்டுங்க."

அவர் முதல் தடவையாகத் தயங்கினார். "ஒன் கஸ்டமரெல்லாம் வர்ற எடம்டி."

"வரட்டுமே."

கழுத்துக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சுவரில் அவர் முகம் இல்லாத ஒரே படம் அதுதான். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் எதையும் பூசிக்கொள்ளவில்லை. வீட்டில் மட்டும் பழையபடிதான். சாயங்காலம் வீட்டுக்கு ரயிலேறுவதற்கு முன்னால் பூசிக்கொண்டு போவேன். பதினேழு வருஷத்துப் பொய்யை ஒருவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

போன வருஷம் அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. மாடியேற முடியவில்லை. தங்கை வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று செமினிக்குப் போய்விட்டார். இடம் முழுக்க எனக்கு வந்தது. போகும்போது தன் படங்களையெல்லாம் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார். "இதுங்க எல்லாம் என் சொத்து," என்றார். என் படத்தை மட்டும் தொடவில்லை. வேட்டிகளையும் எனக்கே விட்டுவிட்டார்.

அடுத்த நாள், கட்டிலைப் பிரித்துக் கீழே இறக்க ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரரை வரச் சொல்லியிருந்தேன். அத்தனை வருஷத்தில் அவர் அந்த மாடிக்கு வந்ததே இல்லை. கீழே தெருவோரம் நின்று ஹாரன் அடிப்பதோடு சரி. அந்த ஒற்றைப் படம் அங்கே தொங்குவது, அவர் படியில் பாதி ஏறிய பிறகுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய்க் கழற்றலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். வெறும் ஆணிகளாக இருந்த சுவர், நடுவில் நான்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கே. யாரு எடுத்தது, அக்காவா?"

"ம்." என்றேன். "கன்னத்தப் பாத்தீங்களா?"

"என்னாது, மங்கா? அது எப்பவும் இருக்கிறதுதானே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலை ஷிஃப்ட்டுக்குப் போறப்ப கால்ல மாட்டுற ஸ்டோக்கின்ல ஒண்ணு கெடைக்கும், இன்னொண்ணு கெடைக்காது. போன்ல டார்ச் போட்டுத்தானே தேடுறேன். நீ தூங்குற மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போவேன், தெனமும்." கட்டிலின் போல்ட்டை எங்கே கழற்றுவது என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். "காலையில எந்திரிச்சு அவ்வளவு பாடுபட்டுப் பூசுறியே, ஒனக்குப் புடிச்சிருக்கு போலன்னு வுட்டுட்டேன்."

பதினேழு வருஷம்! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இதைச் சொல்ல எனக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். உடனே செமினிக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். அந்தப் பக்கம் பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டார்ச்ச நேரா மூஞ்சியில அடிச்சாரா?"

"இருங்க, கேக்கிறேன்." போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு அவரைக் கேட்டேன். அவர் போல்ட்டைத் திருகிக்கொண்டே, "நேரா அடிச்சா நீ முழிச்சுக்க மாட்ட? பக்கத்துலேருந்து, வெரலால மூடிக்கிட்டுத்தான்," என்றார்.

அதை அப்படியே போனில் சொன்னேன்.

"அந்த மனுசனுக்கு லைட் புடிக்கத் தெரியுதுடி," என்றார் அக்கா.